சிங்கப்பூர் போக 7 மணி நேரம், வர 2 மணி நேரமா? டிக்கெட்டை ஒழுங்கா பாருங்கப்பா

நம்ம தர்மபுரி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது, பெங்களூர்ல இருந்து சிங்கப்பூர் போக 7 மணி நேரம், திரும்பி வர 2 மணி நேரம்தானாம், ஏன்னா பூமி கிழக்கால சுத்துதாம், வரும்போது ஊரே பிளேனுக்கு எதிர்க்க வந்துருதாம். கூடவே டிக்கெட் போட்டோ வேற.

அந்த டிக்கெட்டையே பாருங்க. ராத்திரி 11க்கு கிளம்பி காலைல 6க்கு இறங்குது. 11ங்கிறது நம்ம டைம், 6ங்கிறது சிங்கப்பூர் டைம். அவங்க கடிகாரம் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. 7ல அதை கழிச்சா நாலரை. திரும்பி வர்றது ராத்திரி 8 (அவங்க டைம்)ல இருந்து 10 (நம்ம டைம்), அதோட ரெண்டரைய கூட்டுனா அதுவும் நாலரை தான். தூரம் ரெண்டு பக்கமும் சுமார் 3,170 கிலோமீட்டர்.

பூமி சுத்துறப்ப காத்தும் கூடவே சுத்துது. ஓடுற கிருஷ்ணகிரி பஸ்ல உக்காந்து ஒரு மாங்காய மேல தூக்கிப் போடுங்க, பின் சீட்டுக்கா போகுது? கைலயே தான் விழும்.

காத்து வேகத்தால வித்தியாசம் வரும், இல்லைன்னு சொல்லல. டெல்லி டோக்கியோ ரூட்ல மேல மேற்குல இருந்து கிழக்கால பலமா காத்தடிக்கும், அதனால போறது சீக்கிரம், வர்றது லேட். ஃபார்வர்டுக்கு அப்படியே உல்டா!

ஆளைக் கூட்டிட்டு வர கார் அனுப்புறவங்க கணக்கெல்லாம் போட வேணாம், டிக்கெட்ல இருக்க 10 மணி ஏற்கனவே நம்ம டைம் தான். பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்குக்கு மட்டும் தனியா டைம் ஒதுக்கிக்கோங்க.