நரி ஏன் தலைகீழா நடக்குது?

(சிங்கப்பூர், ஈசூன் வட்டாரம். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடு. ஞாயிறு மாலை. பிள்ளைகள் இருவரும் கீழே விளையாட்டுத் திடலில். கணினி முன்னால் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் வேணுகோபால். அடுப்படியிலிருந்து மருமகள் செல்வி எட்டிப் பார்க்கிறார்.)

மாமா: செல்வி, நான் எதையும் தொடலம்மா. பச்சைக் கொடியைத் தட்டினேன், அவ்ளோதான்.

செல்வி: என்ன ஆச்சு மாமா?

மாமா: பிள்ளைங்க செஞ்ச கதையில நரி தலைகீழா நடக்குது. காலு வானத்தைப் பாக்குது.

செல்வி: அது உங்க வேலை இல்ல. இது ஸ்கிராட்ச், பிளாக்னு சொல்ற கட்டளைத் துண்டுகளை அடுக்கிப் பிள்ளைங்க கதை செய்ற மென்பொருள். இதுல இடப்பக்கம் திரும்பச் சொன்னா பாத்திரம் அப்படியே புரண்டுடும். திசை எண்ணைத் தட்டுங்க. மூணு குறி வருதா? நடுவுல இருக்கிற இடம் வலம் குறி. ம், எழுந்துட்டான்.

மாமா: பாட்டி வடை சுட்ட கதைக்கு இத்தனை குறியா! ஏஐதானே, தானாப் பேசட்டுமே.

செல்வி: ஏஐ இல்ல மாமா. பிள்ளைங்க எழுதினதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல 1966-லயே வைசன்பாம்னு ஒருத்தர் எலிசான்னு ஒரு கணினி நிரல் செஞ்சாரு. அது பேசுறவங்களுக்குப் பதில் சொல்லும். ஆனா ஒண்ணும் புரிஞ்சுக்காது. நாம சொன்னதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக் கேக்கும்.

மாமா: உங்க அத்தை நாப்பது வருஷமா அதைத்தான் செய்றா. அவளை யாரும் கம்ப்யூட்டர்னு சொல்லல.

செல்வி: (சிரிப்பை அடக்கி) அப்புறம் வேற என்ன கோளாறு?

மாமா: நரி பாடச் சொல்றதுக்குள்ள காக்கா பாடியே முடிச்சிருச்சு.

செல்வி: ரெண்டுக்கும் பச்சைக் கொடிதான் தொடக்கம். தட்டினதும் ரெண்டும் சேர்ந்து கிளம்பும். அதான் தம்பி காக்காவுக்கு '3 விநாடி காத்திரு'ன்னு போட்டிருக்கான். நேத்து அக்கா நரிக்கு இன்னொரு வசனம் சேர்த்துட்டா, 2 விநாடி கூடிப்போச்சு. காக்காவுக்கு அது எப்படித் தெரியும்?

மாமா: 5-னு மாத்திடு.

செல்வி: நாளைக்கு இன்னொரு வசனம் சேர்ப்பா. அப்ப 7. நீங்க பஸ்ஸை நிறுத்தத்துல எப்படி நிறுத்துனீங்க, கடிகாரம் பாத்தா?

மாமா: மணி அடிச்சா நிறுத்துவேன்.

செல்வி: அதே மணிதான் இங்கேயும். நரியோட கடைசி வசனத்துக்குக் கீழ, மத்த பாத்திரங்களுக்குச் செய்தி அனுப்புற பிராட்காஸ்ட் பிளாக் ஒண்ணு. செய்திக்குப் பேரு 'பாடு'. காக்காகிட்ட கொடியை எடுத்துட்டு, 'பாடு செய்தி வந்ததும்'னு வைங்க. இனிமே நரி பத்து நிமிஷம் ஐஸ் வெச்சாலும் காக்கா வாயைத் திறக்காது.

மாமா: திறந்துச்சும்மா! வடையும் விழுந்துச்சு. பாதி வழியில நடுங்கி நடுங்கி மறுபடி காக்கா வாய்க்கே போயிருச்சு. நரி பாவம்.

செல்வி: வடைக்கு 'எப்பவும் காக்காகிட்டப் போ'ன்னு ஒரு சுழற்சி ஓடுது. விழச் சொல்றது ஒரு கட்டளை, ஒட்டிக்கச் சொல்றது இன்னொண்ணு. ரெண்டும் இழுக்குது. விழுறதுக்கு முன்னாடி 'இந்தப் பாத்திரத்தோட மத்த ஸ்கிரிப்டை நிறுத்து' போடணும். ஸ்கிரிப்ட்னா அடுக்கி வெச்ச கட்டளைகள்.

மாமா: இப்ப சரி. ஆனா கடைசியில பாட்டி 'உனக்கும் வடை வேணுமா'ன்னு கேக்குறா. பேரன் 'வேணும் பாட்டி'ன்னு மரியாதையா எழுதினான். 'சரி, போய்ட்டு வா'ன்னுட்டா.

செல்வி: பதில் சமம் 'வேணும்'னு போட்டிருக்காங்க. கூட ஒரு எழுத்து இருந்தாலும் சமமாகாது. சமக்குறிக்குப் பதிலா, 'பதிலுக்குள்ள இது இருக்கா'ன்னு பாக்குற பிளாக் இருக்கு. 'வேணும்'னு தேடினா 'வேணுமே' தப்பிச்சுடும், அங்க புள்ளி இல்லையே. அதனால 'வேணு'ன்னு மட்டும் வைப்போம். எல்லாருக்கும் வடை கிடைக்கும். இப்ப நீங்க சோதிச்சுப் பாருங்க. உங்களுக்குத்தான் கொலஸ்டிரால் இருக்கே, 'வேண்டாம்'னு தட்டுங்க. தரக்கூடாது.

(மாமா ஒற்றை விரலால் தட்டுகிறார். வடை மிதந்து வருகிறது.)

செல்வி: என்ன மாமா எழுதுனீங்க?

மாமா: காலிக் கட்டத்தைப் பாத்தா கை தானா முழுப்பேரை எழுதிடுதும்மா. வேணுகோபால்.

செல்வி: ஐயோ! 'வேணும'ன்னு புள்ளி வைக்காத 'ம' ஒண்ணு சேர்த்திருக்கணும்.

மாமா: நாளைக்குச் சேர்த்துக்கலாம். இன்னொரு தடவை கொடியைத் தட்டு.