என் தம்பிகிட்ட கேளுங்க டாக்டர்

ஆறு வருஷமா என் தம்பிய மனநல ஓபிக்கு கூட்டிட்டு போயிட்டு வர்றேன். அவன் என் பக்கத்துலதான் உக்காந்துருப்பான். ஆனா டாக்டர் என்னைப் பாத்துதான் கேப்பாரு, "நல்லா தூங்குறாராம்மா? சாப்பிடுறாரா? மாத்திரை ஒழுங்கா போடுறாரா?" நானும் "போடுறான் சார்"னு சொல்லுவேன். அதே மாத்திரைய எழுதி சீட்ட குடுத்துருவாரு, அடுத்த ஆள் உள்ள வந்துருவாங்க. முப்பத்தஞ்சு வயசு ஆம்பள, பட்டறையில நாலு பசங்களுக்கு வேலை பழக்கி விட்டவன், அந்த ரூமுக்குள்ள மட்டும் தரையப் பாத்துட்டே உக்காந்துருப்பான். எனக்கு மனசே ஆறாது.

அவனுக்கு பைபோலார், மனசு ஒரேயடியா பொங்கி ஏறுறதும் அடியோட சோர்ந்து போறதுமா மாறி மாறி வர்ற நோய். அதுக்கு லித்தியம்னு ஒரு மாத்திரை போடுறான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசு வேலை. கண்ணிக்கு கண்ணி பொடி வெச்சு ஊதி ஒட்டணும், கை துளி ஆடுனாலும் தீ பக்கத்து கண்ணில பட்டு உருகிரும், அந்த கொலுசே வீண். லித்தியம் போட்டா சில பேருக்கு கை லேசா நடுங்கும், இவனுக்கும் நடுங்குச்சு. டீ கிளாஸ ரெண்டு கையாலயும் புடிச்சு குடிப்பான், நான் குளிருக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன். அவன் என்ன பண்ணிருக்கான்னா என் முன்னாடி மாத்திரைய வாயில போட்டுட்டு கொல்லைப்பக்கம் போய் துப்பிருக்கான். லித்தியத்த இப்படி திடீர்னு நிறுத்துனா நோய் திரும்பி வேகமா வரும்னு எங்க யாருக்குமே தெரியாது. மூணாவது வாரம் தூக்கமே போச்சு, ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுலேர்ந்து கெளம்பி ஏற்காடு அடிவாரம் வரைக்கும் நடந்தே போயிட்டான். மேல காபி தோட்டம் வாங்கிட்டேன், பத்திரம் முடிக்கணும்னு சொல்லிட்டு இருந்தவன கையப் புடிச்சு கூட்டிட்டு வந்தோம்.

அட்மிட் பண்ணி கொஞ்சம் தெளிஞ்சப்புறம் ஏன்டா துப்புனேன்னு கேட்டேன். "கை நடுங்குனா வேலை போயிரும்க்கா. டாக்டர்ட்ட சொன்னா திட்டுவாரு, உன்ட்ட சொன்னா அழுவ"ன்னான்.

அதுக்கப்புறம் வேற ஒரு டாக்டர், சின்ன வயசு பொண்ணு. சேர அவன் பக்கம் திருப்பி போட்டு உக்காந்து மொதல்ல கேட்டதே "என்ன வேலை பாக்குறீங்கண்ணா?"ன்னுதான். இவன் சொன்னான். எவ்ளோ நேரம் குனிஞ்சு உக்காருவீங்கன்னு கேட்டாங்க. பத்து மணி நேரம்னான். இடுப்பு வலிக்குமே, என்ன பண்ணுவீங்கன்னாங்க. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி போட்டுக்குவேன், தினமும் ஒண்ணு, சில நாள் ரெண்டுன்னு அவன் சொல்றான், ஆறு வருஷமா கூடவே இருக்குற எனக்கே அது அன்னிக்குத்தான் தெரியும். ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைங்க லித்தியத்த சிறுநீர்ல போக விடாம ரத்தத்துல ஏத்தி விட்டுருமாம், அளவு ஏறுனா நடுக்கமும் கூடுமாம். காலையில மாத்திரை போடாம வரச்சொல்லி ரத்தத்துல லித்தியம் எவ்ளோன்னு பாத்தாங்க, வலி மாத்திரைய மாத்துனாங்க, டோஸ சரி பண்ணாங்க. தண்ணி நல்லா குடிங்க, உப்ப திடீர்னு கொறைக்காதீங்கன்னு அவன்கிட்டயே சொன்னாங்க. எல்லாம் சேத்து பத்து நிமிஷம்கூட ஆகல. நடுக்கம் முழுசா போகல, ஆனா வேலை செய்யுற அளவுக்கு அடங்கிருச்சு.

டாக்டர்களை குத்தம் சொல்லணும்னு இத எழுதல. லட்சம் பேருக்கு ஒரு சைக்கியாட்ரிஸ்ட்கூட இல்லாத நாடு இது, ஓபி நாள்ல கூட்டத்தப் பாத்தாலே நமக்கு தலை சுத்தும். ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துலயும் மொத கேள்விய அவன்கிட்ட கேக்கலாமே. 2018 மே 29லேர்ந்து அமல்ல இருக்குற மனநல பராமரிப்பு சட்டம் 2017, அதுல 22வது பிரிவு, என்ன நோய், என்ன வைத்தியம், மருந்துக்கு தெரிஞ்ச பக்கவிளைவு என்னங்குறத நோயாளிக்கும் அவரோட பிரதிநிதிக்கும் புரியுற பாஷையில சொல்லணும்னு தெளிவா சொல்லுது. "இதப் போட்டா கை நடுங்கலாம், நடுங்குனா நிறுத்தாம என்கிட்ட வந்து சொல்லுங்க"ன்னு ஒரு வரி முன்னாடியே யாராச்சும் சொல்லிருந்தா என் தம்பி துப்பிருக்கவே மாட்டான். இத நான் நூறு தடவ நெனச்சுட்டேன்.

கூட போறவங்க பேசக்கூடாதுன்னு சொல்ல வரல. நோய் ஏறுற நேரத்துல "எனக்கு ஒண்ணுமில்ல, சூப்பரா இருக்கேன்"னுதான் அவன் சொல்லுவான், அப்ப மூணு நாளா தூங்கலன்னு நான் சொல்லித்தான் ஆகணும். மொதல்ல அவன் பேசட்டும், அப்புறம் "அக்காகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கட்டுமா?"ன்னு அவன்கிட்டயே கேட்டுட்டு என்கிட்ட கேளுங்க.

நாங்களும் எதையும் மறைக்கக்கூடாது. மனநோய் தீரும்னு நம்பி தங்க வைக்கிற குணசீலம் கோயில்ல அவன 48 நாள் தங்க வெச்சோம், அத எந்த டாக்டர்கிட்டயும் நான் சொன்னதில்ல, திட்டுவாங்கன்னு பயம். அங்க இருந்தப்ப மாத்திரை போட்டானா இல்லையாங்குறது அவங்களுக்கு தெரிய வேணாமா? இத அந்த சின்ன டாக்டரம்மாகிட்ட சொன்னப்ப திட்டவே இல்ல, கோயிலுக்கு போங்க, மாத்திரையும் கையில இருக்கட்டும்னாங்க.

இப்ப தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள் பின்னாடி அவனே எழுதுறான். எத்தன மணிக்கு தூங்குனான், கை எப்படி இருந்துச்சு, எத்தன ஜோடி முடிச்சான். எழுத்து கோணலா இருந்த நாளும் அதுலயே தெரியுது. செக்கப் அன்னிக்கு அந்த தாளெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு சட்டப்பையில வெச்சுட்டு போவான். போன மாசம் உள்ள போறப்ப "நீ வெளியவே இருக்கா, கூப்பிட்டா வா"ன்னான். கூப்பிடல.