2கே20-ஐக் கெடுத்தது யூக்ஸ் அல்ல

"டபிள்யூடபிள்யூஈ 2கே20 நாசமானதற்கு யூக்ஸ்தான் காரணம், அவர்கள் போன பிறகுதான் தொடர் உருப்பட்டது" என்று அந்த மல்யுத்த வீடியோ கேமைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வரிசை தலைகீழாக இருக்கிறது. 2000 முதல் இந்தத் தொடரைச் செய்துவந்த ஜப்பானிய கேம் நிறுவனமான யூக்ஸ், 2019-இல் 2கே20 வெளிவரும் முன்பே விலகிவிட்டது. அதற்கு முந்தைய 2கே19 வரைதான் அவர்களுடைய பங்கு. 2கே20-ஐ முடித்துக் கொடுத்தது விஷுவல் கான்செப்ட்ஸ் என்ற இன்னொரு கேம் ஸ்டுடியோ.

யூக்ஸின் பழைய நிரல்மேல்தான் அதைக் கட்டினார்கள், அது உண்மை. ஆனால் முகங்கள் உருகி வழிந்ததும், கயிற்றில் மாட்டி வீரர்கள் துடித்ததும் 2கே19-இல் இந்த அளவுக்கு இல்லையே! 2020 ஜனவரி 1 பிறந்ததும் ஆட்டம் திறக்கவே மறுத்தது. கன்சோலின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்து விளையாடினார்கள். அப்புறம்தான் பிழையைச் சரிசெய்யும் பேட்ச் வந்தது.

சரி, 2022-இல் வந்த 2கே22 நிமிர்ந்து நின்றது விஷுவல் கான்செப்ட்ஸின் உழைப்பால்தான். 2கே21-ஐக் கைவிட்டதால் கிடைத்த கூடுதல் நேரமும் அதில் சேர்த்தி. யூக்ஸ் பின்னர் ஏஇடபிள்யூ என்ற வேறொரு மல்யுத்த நிறுவனத்துக்காகச் செய்த ஏஇடபிள்யூ ஃபைட் ஃபாரெவர் கேமில் அடிதடி சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் வீரர்களை உருவாக்கும் பகுதி மெலிந்தது, நுழைவுக் காட்சிகள் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். யூக்ஸைத் திட்ட வேண்டுமானால் அதற்குத் திட்டுங்கள்.