பிளேலிஸ்ட்டின் நிறம் வெறும் அலங்காரம் அன்று

பாட்டுப் போடும் மென்பொருள்களில் பிளேலிஸ்ட்டின் நிறங்களை நம் விருப்பப்படி மாற்றும் வசதி குறைந்துகொண்டே வருவதை, மதுரையில் மைக் செட் தொழில் செய்பவன் என்ற முறையில் நான் கடுமையாக எதிர்க்கிறேன். கறுப்பு, வெள்ளை என்று இரண்டு தீம்களைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று பல செயலிகள் நினைக்கின்றன. அது போதவே போதாது.

சித்திரைத் திருவிழாவின்போது தல்லாகுளத்தில், அழகர் வந்து தங்கிச் செல்லும் பந்தலான ஒரு மண்டகப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்து பார்த்தால் காரணம் விளங்கும். உச்சி வெயிலில், பந்தலுக்குள் இருந்தாலும், கறுப்புப் பின்னணி கொண்ட திரையில் பாட்டின் பெயரைவிட நம் முகமே தெளிவாகத் தெரியும். வெள்ளையில் கறுப்பு எழுத்துதான் அப்போது கைகொடுக்கும். அழகர் தல்லாகுளத்தில் தங்கும் இரவில் அதே வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும்.

இதைவிடப் பெரிய சிக்கல், ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டையும் மவுஸால் தேர்ந்தெடுத்த பாட்டையும் பிரித்துக் காட்டுவது. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே சாயலைக் கொடுக்கும் செயலிகள் இருக்கின்றன. சாமி புறப்பாட்டு நேரத்தில், எந்த வரி ஓடுகிறது என்று தெரியாமல் தவறான வரியை இருமுறை தட்டினால், ஓடும் பாட்டு பாதியில் அறுந்து, பந்தல் முழுவதும் நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

1997இல் வந்த வின்ஆம்ப் என்ற பாட்டு மென்பொருள் இதை அழகாகத் தீர்த்திருந்தது. அதன் தோற்றத்தை மாற்றும் ‘ஸ்கின்’ என்ற பழைய கோப்புத் தொகுப்பு ஒன்றைப் பிரித்தால், உள்ளே ஒரு சிறிய டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். சாதாரண எழுத்து, ஓடும் பாட்டின் எழுத்து, பின்னணி, தேர்ந்தெடுத்த வரியின் பின்னணி ஆகிய நான்குக்கும் நிறக் குறியீடுகளை நோட்பேடிலேயே மாற்றி எழுதிவிடலாம். ஓடும் பாட்டை எழுத்தின் நிறமும், தேர்ந்தெடுத்த வரியை அதன் பின்னணியும் காட்டியதால், இரண்டும் ஒரே வரியில் அமைந்தாலும் ஒன்றை ஒன்று மறைக்கவில்லை. இதற்கு மேல் தெளிவான ஏற்பாட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. ஃபூபார்2000 மென்பொருளிலும் எழுத்து, பின்னணி, தேர்வு ஆகியவற்றின் நிறங்களைத் தனித்தனியே மாற்றலாம் என்பதால், தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிட வெளிச்ச வேறுபாட்டைப் பாருங்கள். இணையப் பக்கங்களில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கின்றன, பார்வைக் குறை உள்ளவர்களும் படிக்க வகைசெய்யும் அணுகல்தன்மை விதிகள். வெள்ளையில் கறுப்புக்கு அது 21:1. தமிழ் எழுத்துக்கு இது இன்னும் முக்கியம் என்பது என் கருத்து. சாம்பல் பின்னணியில் வெளிர்நீல எழுத்தை வைத்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். அதன் பின் ‘கண்ணன்’ எது, ‘கண்ணா’ எது என்று தேட வேண்டியிருக்கும்.

பச்சை எழுத்துகளுக்கு நடுவே ஓடும் பாட்டைச் சிவப்பில் காட்டுவதையும் தவிர்க்க வேண்டும். இவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாத குறை, பெண்களைவிட ஆண்களிடம் மிக அதிகம். இந்தத் தொழிலில் இருப்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள். கறுப்புப் பின்னணி, வெளிர்சாம்பல் எழுத்து, ஓடும் பாட்டுக்குப் பளிச்சென்ற மஞ்சள், தேர்ந்தெடுத்த வரிக்கு அடர்நீலம் என்று வைத்துக்கொண்டால், இரவுக் கச்சேரியில் யார் வந்து உட்கார்ந்தாலும் எந்தப் பாட்டு ஓடுகிறது என்று கேட்க வேண்டியிருக்காது.