பில் காலின்ஸ் கண் முன்னால் யாரும் மூழ்கவில்லை

ஆங்கிலப் பாடகரும் ட்ரம்ஸ் கலைஞருமான பில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டைப் பற்றி ஒரு கதை மறுபடியும் சுற்றி வருகிறது. ஒருவர் தண்ணீரில் மூழ்கிச் சாக, காப்பாற்றியிருக்கக்கூடிய ஆள் கைகட்டி நின்றாராம். தூரத்தில் இருந்து பார்த்த பில் காலின்ஸ், பின்னாளில் அந்த ஆளைக் கச்சேரிக்கு வரவழைத்து, முகத்தில் விளக்கடித்து இந்தப் பாட்டைப் பாடினாராம்.

இது நடக்கவே இல்லை. காலின்ஸே பலமுறை மறுத்திருக்கிறார். முதல் மணவாழ்க்கை முறிந்த கோபத்திலும் வேதனையிலும் பிறந்த பாட்டு இது. வரிகளில் பெரும்பகுதி ட்ரம் மெஷினை ஓடவிட்டு அப்போதைக்கப்போது வாயில் வந்தவை. 'நீ மூழ்குவதாகச் சொன்னாலும் கை கொடுக்க மாட்டேன்' என்ற பொருளில் வரும் வரி வெறும் கோபப் பேச்சு. அதைத்தான் நேரில் பார்த்த சாட்சியம் ஆக்கிவிட்டார்கள். 2000-இல் ராப் பாடகர் எமினெமின் 'ஸ்டான்' பாட்டில் வரும் ரசிகன் இதே கதையைச் சொல்ல, அப்புறம் கேட்கவா வேண்டும்!

1981-இல் வந்த இந்தப் பாட்டின் உண்மையான அதிசயம் ட்ரம்ஸ்தான். மூன்றரை நிமிடத்துக்கு மேல் அடங்கியே போகும் பாட்டில், திடீரென இடி மாதிரி விழும். அறையின் எதிரொலியைப் பெரிதாக்கி, அது தேய்ந்து மறையும் முன்பே சட்டென வெட்டிவிடும் உத்தி அது. காலின்ஸும் ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்கமும் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ஆல்பத்துக்காக வேலை செய்தபோது லண்டன் ஸ்டுடியோவில் கண்டுபிடித்தது. எண்பதுகளின் பாதிப் பாடல்களில் அந்தச் சத்தம் கேட்கும்.