கட்டையான ஆள் ஓட்டப்போகும் காரை அந்த ஆளே ஏறியிருந்து பார்க்க வேண்டும்

திருகோணமலையில் ஒரு வீட்டில் கார் எடுக்கும் கதை வந்தால் பெற்றோல் எவ்வளவு குடிக்கும், விற்றால் என்ன விலை போகும், எந்த வருசத்து வண்டி என்று எல்லாம் அலசுவார்கள். ஓட்டப்போகிற ஆளின் கால் நீளத்தை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கார் பார்க்கப் போவது ஐந்தடி ஒன்பது அங்குல அண்ணன். எடுத்த பிறகு தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுவது ஐந்தடி கூட வராத அக்கா. இந்தப் பழக்கம் மாற வேண்டும். கூடுதலாக ஓட்டப்போகிறவர் ஏறியிருந்து பார்க்காத காருக்கு முற்பணம் கொடுக்கக் கூடாது. படம் பார்த்து, குருநாகலிலோ கொழும்பிலோ இருந்து எடுப்பிப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஒரு நாள் லீவு போட்டு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

"தலையணை ஒன்று போட்டால் சரி" என்பார்கள். சரியில்லை. மெத்தென்ற தலையணையில் இருந்தால் இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். மோதும்போது தலையணை நசுங்கி, உடம்பு பெல்ட்டுக்குக் கீழால் வழுக்கிப் போகும். வயிற்றுக்குள் காயம் வருவது அப்படித்தான். வேறு வழியே இல்லையென்றால் நசுங்காத இறுக்கமான பஞ்சில் செய்த, அடிப்பக்கம் வழுக்காத மெத்தை போடலாம். அப்போதும் பெல்ட் தொடையின் மேல் மடிப்பில், எலும்பில் பதிகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"உயரமான ஜீப் எடுத்தால் ரோட்டு நல்லாத் தெரியும்" என்பதும் பாதிதான் உண்மை. தூரம் தெரியும், பொனட்டுக்கு முன்னால் இருப்பது மறையும். பிரட்றிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் மான்கள் காருக்கு முன்னாலேயே நிற்கும், சனம் பிள்ளைகளோடு நடக்கும். அந்த இடத்தில் தேவைப்படுவது கிட்டப் பார்வை. சோதிப்பது சுகம். சாதாரண பிளாஸ்டிக் வாளி ஒன்றைப் பம்பரோடு ஒட்டி வையுங்கள். சாரதி இருக்கையில் இருந்துகொண்டு, வாளியின் விளிம்பு கண்ணில் படும் வரைக்கும் ஒருவரை அதை முன்னே நகர்த்தச் சொல்லுங்கள். இரண்டு மீற்றருக்குள் தெரிந்தால் நல்லது. நாலு மீற்றர் தாண்டியும் தெரியாவிட்டால் அந்தக் காரை நான் விட்டுவிடுவேன். பின் கமெரா இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், அது முன்னுக்குப் பார்க்காது.

இருந்து பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அதை மாற்றினால் எல்லாம் பிழையாகிவிடும். முதலில் கால். வழக்கமாகப் போடும் செருப்பையோ சப்பாத்தையோ போட்டுக்கொண்டு, முதுகும் இடுப்பும் சீட்டில் ஒட்டியிருக்க, பிரேக்கை அடிவரை மிதியுங்கள். மனுவல் என்றால் கிளச்சையும். முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும், குதி தரையில் நிற்க வேண்டும். முதுகு சீட்டை விட்டு எழும்பினால் சீட் இன்னும் முன்னுக்கு வரவேண்டும். குதி அந்தரத்தில் தொங்கினால் அரை மணித்தியாலத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அவசர பிரேக்கில் விரல் நுனியால் முழு அழுத்தம் கொடுக்கவும் முடியாது. சேலையோ அபாயாவோ உடுத்து ஓட்டுபவர்கள் அதே உடுப்போடு போய் இருந்து பாருங்கள். விளிம்பு குதிக்கும் தரைவிரிப்புக்கும் நடுவில் மாட்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். குதிக்கு உயரம் வேண்டும் என்று தரைவிரிப்பின் மேல் இன்னொரு விரிப்பைப் போடவே வேண்டாம், அது வழுக்கி பிரேக் மிதிக்குக் கீழே போகும். பெடலில் மரக்கட்டை கட்டுவது அதைவிட ஆபத்து.

அடுத்தது சீட்டின் உயரம். சீட்டின் பக்கத்தில் உயர்த்தும் லீவர் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பொதுவாக அது நாலைந்து சென்ரிமீற்றர்தான் உயர்த்தும், ஆனால் அந்த நாலைந்துதான் எல்லாம். கண், ஸ்டியரிங் வளையத்தின் மேல் விளிம்புக்கு ஏழெட்டு சென்ரிமீற்றராவது மேலே இருக்க வேண்டும். வளையத்துக்குள்ளால் ரோட்டைப் பார்ப்பவருக்கு அந்தக் கார் பொருந்தவில்லை என்று அர்த்தம். உயர்த்தும்போது சீட்டின் முன் விளிம்பு தொடையை அழுத்தினால் கால் விறைக்கும். முழங்கால் மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போக வேண்டும்.

இனி நெஞ்சு. நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் இடையில் 25 சென்ரிமீற்றராவது வேண்டும். எயார்பேக் வெடித்து விரியும் முதல் ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றரில்தான் அதன் உதை மிகக் கடுமை. கட்டையானவர்கள் கால் எட்டுவதற்காகச் சீட்டை முன்னுக்கு இழுக்க, நெஞ்சு அந்த இடத்துக்கே போய்விடுகிறது. இதற்காகத்தான் முன்பின் நகரும் ஸ்டியரிங்கை இவ்வளவு வலியுறுத்துகிறேன். மேல்கீழாகச் சாய்வது மட்டும் போதாது, சாரதியை நோக்கி வரவும் வேண்டும். அது வந்தால் சீட்டை ஒரு கிளிக் பின்னுக்கு விட்டுச் சாய்மானத்தைக் கொஞ்சம் சரித்தாலும் கை எட்டும். வளையத்தின் நடு முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள்.

தோள் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளெலும்பின் நடுவால் போக வேண்டும். கதவுத் தூணில் பெல்ட்டை இறக்கும் பூட்டு இருந்தால் இறக்குங்கள். பெல்ட்டை இழுத்துத் தளர்த்திப் பிடிக்கும் கிளிப் வாங்காதீர்கள். கொண்டை போடுபவர்கள் தலைச்சாய்வில் தலை வைத்துப் பாருங்கள். சில சீட்டுகளில் அது கொண்டையைத் தள்ளித் தலையைக் குனிய வைக்கும், கந்தளாய் போவதற்குள் கழுத்து வலிக்கும்.

மாதிரிகளைப் பற்றி. 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்ததால் பலர் பார்ப்பது இன்னும் பாவித்த ஜப்பான் வண்டிகளைத்தான். ஜப்பான் வேகன் ஆர் அகலத்தில் ஒன்றரை மீற்றருக்குள், உயரம் 1.6 மீற்றருக்கு மேல். நிமிர்ந்து இருக்கலாம், மூக்கு குட்டை, வாளிச் சோதனையில் நன்றாகவே தேறும். ஆனால் சீட் லீவர் கிரேட்டுக்குக் கிரேட் (ஒரே மாதிரிக்குள் வரும் வசதித் தரம்) மாறும், கீழ்க் கிரேட்டை நம்பி வாங்காதீர்கள். பார்க்கிங் பிரேக் இடது காலால் மிதிப்பது, அதையும் அடிவரை மிதித்துப் பாருங்கள். 2013இல் வந்த ஹொண்டா ஃபிட் மாதிரியில் ஸ்டியரிங் முன்பின்னும் நகரும், முன் தூணுக்குப் பக்கத்தில் சின்ன ஜன்னல் கண்ணாடி வேறு உண்டு. கட்டையானவருக்கு என் முதல் சிபாரிசு அதுதான். முதல் தலைமுறை ரொயோட்டா அக்வா சிக்கனம், ஆனால் மொத்த உயரமே 1.45 மீற்றர் அளவுதான். தாழ இருந்து, சரிந்த கண்ணாடியின் தூணுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். சந்தியில் வலப்பக்கத்தால் வரும் சைக்கிளை அந்தத் தூண் மறைக்கும். முதல் தலைமுறை நிசான் லீஃபில் இருக்கை உயரம் நல்லது, ஸ்டியரிங் மேல்கீழ் மட்டும். இந்திய ஆல்டோ 800இல் சீட் உயர்த்தும் வசதியே இல்லை. மனுவல் எடுத்தால் உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

வெயிலையும் யோசியுங்கள். காலையில் கந்தளாய்ப் பக்கமிருந்து டவுனுக்கு வரும்போதும் மாலையில் திரும்பிப் போகும்போதும் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். கண் தாழ இருப்பவருக்கு வெயில் மறைப்பு எட்டாது, அதற்குக் கீழால் வெளிச்சம் வரும். சீட்டை உயர்த்திய பிறகு மறைப்பை இறக்கிப் பாருங்கள்.

கடற்கரை ஊரில் ஓடின பழைய வண்டியென்றால் சீட்டின் கீழ்த் தண்டவாளத்தை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடித்தால் கடைசி முன் கிளிக்கில் பூட்டாது. உயரமான சாரதி அந்தக் கிளிக்குக்கு வந்தே இருக்கமாட்டார், அதனால் பழுது அவருக்குத் தெரிந்தும் இராது. முழுக்க முன்னுக்குத் தள்ளிப் பூட்டி, கால்களை ஊன்றி முன்பின் ஆட்டிப் பாருங்கள். உயர்த்தும் லீவரையும் மேலே ஏற்றிவிட்டுப் பத்து நிமிசம் இருந்து பாருங்கள். தேய்ந்த பல் என்றால் சீட் மெல்ல மெல்ல இறங்கும்.

கடைசியாகப் பின் கதவு. முழுக்கத் திறந்த பிறகு கைபிடி எட்டுகிறதா? எட்டாவிட்டால் உள்பக்கம் ஒரு வலுவான பட்டி கட்டினால் போதும். அது கராஜில் சின்ன வேலை, அதற்காகக் காரை விட வேண்டியதில்லை.