பிழைச் செய்தி வராவிட்டால் காப்பி சரியா?

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் பழைய பாட்டு சிடிகளைப் பென் டிரைவுக்கு மாற்றுகிறவர்களிடம் ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது: "காப்பி ஆகும்போது பிழைச் செய்தி வரவில்லை என்றால் அசல் அப்படியே வந்துவிட்டது." இது தவறு.

கோப்புகள் உள்ள சிடியில் ஒவ்வொரு செக்டாரிலும் (தகவல் பதியும் சிறு துண்டு) 2048 பைட் தகவல்; மிச்ச இடத்தில் கூடுதல் பிழைத் திருத்தம் இருக்கும். பாட்டு சிடியில் செக்டாரின் 2352 பைட்டும் ஒலிக்கே போய்விடுகிறது. கீறல் ஆழமாக இருந்தால், டிரைவ் விடுபட்ட இடத்தை அக்கம்பக்கத்து ஒலியை வைத்து ஊகித்து நிரப்பிவிடும், பிழைச் செய்தி எதுவும் காட்டாமல். அப்புறம் ஹெட்போனில் கேட்டால்தான் சின்னதாக ஒரு 'டிக்'. பல நேரம் அதுவும் கேட்காது.

சரி, எப்படிச் சோதிப்பது? எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள் சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். அக்யூரேட்ரிப் என்ற இணையப் பட்டியல் நம் காப்பியை, அதே சிடியை மற்றவர்கள் எடுத்த காப்பியின் செக்சம்மோடு (தகவலிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடும். நம் தெருவில் பதிவான கானா சிடி அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அப்போது இரண்டு முறை எடுத்து, இரண்டு செக்சம்மும் ஒன்றா என்று பாருங்கள். வேறு டிரைவில் எடுத்தால் ஆஃப்செட்டை, அதாவது டிரைவுக்கு டிரைவ் படிக்கத் தொடங்கும் இடத்தில் வரும் சின்ன வித்தியாசத்தை, சரிசெய்ய வேண்டும்; இல்லாவிட்டால் நல்ல காப்பிக்கும் எண் மாறும்.